பத்திரிகையும் பங்குதாரரும்



அமெரிக்க அரசியலைப் பற்றிய சொற்பொழிவு என்று அழைப்பிதழில் கண்டு, அங்கே தேர்தலில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்ற விவரங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஜனாதிபதிகள் வருவார்கள், போவார்கள். அவர்கள் சொல்வதை மக்களிடம் கொண்டு சேர்க்கும் ஸ்தாபனங்கள் எப்படி நடந்துகொண்டன, அவற்றின் சொந்தக்காரர்கள் யார், அவர்களுடைய கணக்குப் புத்தகம் எதை வரவென்றும் எதைச் செலவென்றும் எழுதிற்று என்பவையே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம். அதையும் ஒரே ஒரு பத்திரிகைக் குழுவின் கதையைக் கொண்டே சொல்லக் கருதுகிறேன்.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஈராக் தேசம் அணுகுண்டு செய்யும் முயற்சியில் மீண்டும் இறங்கிவிட்டதென்றும், அதற்கு வேண்டிய அலுமினியக் குழாய்களை வெளிநாட்டில் வாங்க முயன்றதென்றும் நியூயார்க் டைம்ஸ் அன்று முதற்பக்கத்தில் பிரசுரித்தது. அச்செய்திக்கு ஆதாரமாக நின்றவர்கள் பெரும்பாலும் பெயர் வெளியிட விரும்பாத சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். அதே நாள் காலை உபஜனாதிபதி டிக் செனி தொலைக்காட்சியில் தோன்றி, குழாய் விஷயம் அன்றைய டைம்ஸிலேயே வந்திருக்கிறதென்று எடுத்துக்காட்டினார். சர்க்கார் ரகசியமாகச் சொன்னதைப் பத்திரிகை அச்சிட்டது. பத்திரிகை அச்சிட்டதை சர்க்கார் பகிரங்கமாகப் பிரமாணம் காட்டிற்று. தன் குரலின் எதிரொலியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய வித்தை இதைவிடச் சுருக்கமாக எங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அக்குழாய்களோ 81 மில்லிமீட்டர் குறுக்களவுள்ளவை. ஈராக் ராணுவம் முன்பே சிறிய ராக்கெட்டுகள் செய்யப் பயன்படுத்திய ரகம். அணுப்பொருளைச் சுத்திகரிக்கும் யந்திரத்திற்கு அவை ஏற்றவையல்ல என்பது எரிசக்தி இலாகாவின் நிபுணர்கள் அன்றே கொண்டிருந்த அபிப்பிராயம்.

இத்தனையிலும் தணிக்கை அதிகாரி என்று ஒருவர் எங்கும் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்திரிகைச் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றலாகாதென்று 1791-இலேயே அரசியல் சாசனத்தில் எழுதிவைத்த தேசம் அது. அந்தச் சுதந்திரம் முழுதும் கையில் இருக்கும்போதே, மேலிடத்தாரின் வாசற்படியை விட்டு விலக மனமில்லாத நிருபர்களும், போட்டிப் பத்திரிகை முந்திக்கொள்ளுமோ என்று அஞ்சிய ஆசிரியர்களும் தங்களுக்குத் தாங்களே தணிக்கையாளராயினர்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. நைட் ரிடர் என்ற குழுவுக்கு அந்நாளில் நாடெங்கும் சுமார் 30 தினசரிகள் இருந்தன. வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ ஒன்றும் இல்லை. ஆகையால் மந்திரிகள் காலைக் காப்பியோடு படிக்கும் பத்திரிகையாக அது இருக்கவில்லை. பெரிய மனிதர்களின் விருந்துக்கு அதன் நிருபர்களை வருந்தி அழைப்பாரும் இல்லை. ஜான் வால்காட் தலைமையில் வேலைசெய்த ஜானதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் என்ற இருவரும் உளவு இலாகாவிலும் ராணுவத்திலும் வெளிவிவகாரத்திலும் நடுத்தரப் பதவி வகித்தவர்களை, அதாவது அறிக்கைகளைப் படிக்கிறவர்களை அன்றி எழுதுகிறவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அவர்களில் பலர் நிரூபணம் போதாதென்று கவலைப்படுவதை அதே 2002-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் சிலவற்றைத் தங்கள் குழுவைச் சேர்ந்த பத்திரிகைகளே வெளியிடவில்லை! டைம்ஸிலும் வாஷிங்டன் போஸ்டிலும் காணாத செய்தியை நாம் எப்படி நம்புவது என்ற தயக்கம்.

அக்டோபர் மாதத்தில் செனட் சபை 77-க்கு 23 என்ற வாக்கில் யுத்தத்திற்கு அதிகாரம் அளித்தது. 2003 மார்ச்சில் யுத்தம் தொடங்கிற்று. அதற்குச் சில நாள் முன்பு, ஆயுதங்கள் பற்றிய திட்டமான விவரம் சர்க்காரிடம் இல்லையென்று வால்டர் பிங்கஸ் என்ற அனுபவசாலி எழுதிய செய்தியை வாஷிங்டன் போஸ்ட் 17-ஆம் பக்கத்தில் போட்டது. ஆயுதக் குவியல் ஏதும் இல்லையென்று அமெரிக்கப் பரிசோதகர்களே 2004-இல் அறிவித்தார்கள். நியூயார்க் டைம்ஸும் அவ்வாண்டு மே 26-இல் தன் குறைகளை ஒப்பி ஒரு குறிப்பு வெளியிட்டது. முதற்பக்கத்தில் அல்ல, 10-ஆம் பக்கத்தில்.

மெய்யெழுதியவர்களுக்குக் கிடைத்த சன்மானத்தையும் சொல்ல வேண்டும். 2005 நவம்பரில் நைட் ரிடரின் மிகப் பெரிய பங்குதாரரான ஒரு முதலீட்டு நிறுவனம், கம்பெனியை உடனே விற்றாக வேண்டுமென்று நெருக்கியது. கம்பெனி நஷ்டத்தில் ஓடியதோ என்றால், இல்லை. வருமானத்தில் நூற்றுக்கு 15-க்கு மேல் லாபம் கண்டது. அது போதாதென்பதே வழக்கு. போரைப் பற்றி உண்மை எழுதியதற்கு அந்தக் கணக்கில் ஒரு பத்தியும் கிடையாது. மறுவருஷம் மெக்ளாட்சி என்ற குடும்பக் கம்பெனி, சுமார் 450 கோடி டாலர் கொடுத்து, கூடவே ஏறத்தாழ 200 கோடி டாலர் கடனையும் ஏற்றுக்கொண்டு, அக்குழுவை வாங்கி, 12 தினசரிகளை உடனே வேறு பேருக்கு விற்றது.

வாங்கிய வேளை பொல்லாத வேளை. கலிபோர்னியாவிலும் பிளாரிடாவிலும் வீடு, மனை விற்பனை விளம்பரங்களே அப்பத்திரிகைகளின் ஜீவநாடி. அங்கேயோ, திருப்பிக் கொடுக்க வழியில்லாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்து, அக்கடன்களைக் கட்டுக்கட்டாகப் பத்திரங்களாக்கி உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். வங்கித் தொழிலையும் பங்குச் சந்தைத் தொழிலையும் பிரித்து வைத்த 1933-ஆம் வருஷத்துச் சட்டத்தின் முக்கிய ஷரத்துகளை 1999-இல் நீக்கியவர்கள் இரு கட்சியிலும் இருந்தார்கள். கையெழுத்திட்டவர் டெமாக்ரடிக் கட்சியின் கிளின்டன். என்னைப் போன்ற மிதவாதிகள் இதை மறைக்க நியாயமில்லை. வெளிச்சத்துக்கு வராத ஒருவகை நிதி ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று 1998-லேயே வற்புறுத்திய புரூக்ஸ்லி பார்ன் என்ற அம்மையாரை மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான் முதலியோர் அடக்கிவிட்டனர். 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் திவாலாயிற்று. மறுவருஷம் அக்டோபரில் வேலையில்லாதோர் விகிதம் நூற்றுக்கு 10 ஆயிற்று. பத்திரிகைகளின் மனை விளம்பரப் பக்கங்கள் வெறுமையாயின. கடன்பட்டு வாங்கிய மெக்ளாட்சி அதன்பின் நிமிரவே இல்லை. 2020 பிப்ரவரியில் திவால் மனு. சுமார் 24,000 பேரின் ஓய்வூதியத் திட்டம் அரசு காப்பீட்டு நிறுவனத்தின் தலையில். பத்திரிகைகளோ ஒரு முதலீட்டு நிதியின் கையில்.

பொருளாதாரக் கவலை ஒருபுறம், பத்திரிகையின் தோல்வி ஒருபுறம் என்று பிரித்துப் பேசுவோர் இந்த ஒரு கதையைப் பார்த்தால் போதும். பங்குதாரரின் காலாண்டுப் பசிக்கும், குடிமகனின் அறிவுப் பசிக்கும் ஒரே அடுப்பில் உலை வைக்க முடியாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

மெக்ளாட்சி வாங்கியவுடன் விற்ற 12 தினசரிகளில் ஒன்று பிலடெல்பியா இன்குவைரர். பல கை மாறி, இடையில் திவாலும் கண்ட அப்பத்திரிகையைக் கடைசியில் வாங்கிய ஜெரி லென்பெஸ்ட் என்ற தனவந்தர், 2016-இல் அதனை லாபநோக்கமற்ற ஓர் அறநிறுவனத்துக்குத் தானமாக எழுதிவைத்தார். இன்றும் அது வெளிவருகிறது. சொற்பொழிவுக்கென்று நிதி வைக்கும் பெரியோர் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள்; அடுத்த முறை வைக்கும்போது, பேசுகிறவருக்குப் பொன்னாடை வாங்கும் தொகையைக் குறைத்து, ஏதேனும் ஒரு நேர்மையான பத்திரிகையில் ஒரு நிருபரின் சம்பளத்துக்கு எழுதிவைக்குமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.