எத்தனை பேர்? எவ்வளவு தூரம்?

(ஆதம்பாக்கத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



ஒரு கிராமத்தைப்பற்றிக் கேட்டால் அதிகாரிகள் முதலில் சொல்வது அதன் ஜனத்தொகை. மருத்துவமனையில் ஊழியம் செய்யும் நாங்களோ, "எப்படியம்மா வந்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்போம். நடந்து வந்தார்களா, பஸ்ஸில் வந்தார்களா, யாராவது தூக்கி வந்தார்களா என்ற பதிலில் நோயின் பாதிக் கதை அடங்கியிருக்கும்.

நாம் கூடியிருக்கும் ஆதம்பாக்கமும் ஒரு காலத்தில் ஏரிக்கரைக் கிராமந்தான். அருகேயுள்ள பரங்கிமலை வழியாக 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வேளச்சேரிக்கு 2007-இல் பறக்கும் ரயிலும், பரங்கிமலைக்கு 2016-இல் மெட்ரோவும் வந்தன. ஆலந்தூர் நகராட்சியோடு இப்பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. வழி பிறந்ததால் ஜனம் பெருகிற்று. ஜனம் பெருகவே இன்னும் வழிகள் பிறந்தன. இங்கே நடுராத்திரியில் நெஞ்சு வலித்தாலும் ஆட்டோ வீட்டு வாசலுக்கு வரும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 7 கோடியே 21 லட்சம் பேரில் 3 கோடியே 72 லட்சம் பேர் கிராமவாசிகள். அவர்களுக்காக நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 1997-இல் மினி பஸ், 2008-இல் 108 ஆம்புலன்ஸ், 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று வந்தன. ஆனால் இவையெல்லாம் சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும்.

சாலை போடுவதற்கோ தலைக்கணக்கு உண்டு. 2000-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்கள், பழங்குடிப் பகுதிகள் போன்றவற்றில் 250 பேர் உள்ள குடியிருப்புகளைக் குறியாக வைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் அளவு உண்டு: சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. பெரிய ஊர்களுக்கு முதலிடம் கொடுப்பது நியாயமே. ஆனால் நாற்பது வீடுள்ள மலைக் குக்கிராமம் அந்தக் கணக்கில் என்றைக்கு ஏறும்? காட்டு வழியானால் வனத்துறை அனுமதியும் வேண்டுமே!

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. மருத்துவமனை சேருமுன்பே குழந்தை இறந்துபோயிற்று. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சும் சாலையில்லாமல் பாதியில் நின்றது. மீதித் தூரம் தாய் தன் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். அதற்குப் பிறகே சாலை போட நடவடிக்கை எடுப்பதாக அதிகாரிகள் அறிவித்தார்கள்.

நோயாளிக்கு மூன்று தாமதங்கள் உண்டு என்பார்கள்: புறப்படத் தீர்மானிப்பதில் ஒன்று, வந்து சேருவதில் ஒன்று, வந்தபின் சிகிச்சை பெறுவதில் ஒன்று. மருந்தும் மருத்துவரும் ஆயத்தமாயிருந்தால் மூன்றாவது குறையும். மற்ற இரண்டும் எங்கள் வாசலுக்கு வெளியே நடப்பவை. வண்டிக்குப் பணமில்லையே என்று விடியும்வரை காத்திருக்கிறார்கள் அல்லவா?

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் இதை நன்றாய் அறிந்திருந்தார். நோயாளிகள் வரட்டும் என்று உட்கார்ந்திராமல் குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி வைத்தியம் செய்தார். குறித்த நாளில் குறித்த மரத்தடியில் ஜனங்கள் காத்திருந்தார்கள்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்குபேர் சுமந்து வந்ததை நாம் அறிவோம். அந்த நால்வரின் பெயர் எழுதப்படவில்லை. ஆனால் அவர்கள் தோள்கொடுத்திராவிட்டால் அவன் அந்த வீட்டின் கூரையைக்கூட எட்டியிருக்கமாட்டான்.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் மட்டும் என்று எண்ணவேண்டாம். கிராமத்திற்குப் போகும் வண்டியின் டீசலும், குணமான தாய் வீடு திரும்பும் பஸ் கட்டணமும், துணைக்கு வந்தவரின் ஒருவேளைச் சாப்பாடும் வைத்தியத்தின் பங்குதான். உங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாளின் சொந்த ஊரில் பஸ் எதுவரை போகிறது என்று இந்த வாரம் கேட்டுப்பாருங்கள். அந்த ஊருக்காக ஜெபியுங்கள், தோளும் கொடுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.