வியாபாரத்தில் நூதன சாதனங்கள்
(கடப்பாக்கத்தில் கூடிய அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மீன் வியாபாரத்திற்கென்று கைப்பேசிச் செயலி ஒன்று செய்ய, நம் சங்க நிதியிலிருந்து கடன் வேண்டுமென வாலிபர் சிலர் விண்ணப்பித்திருக்கின்றனர். நூதனமென்ற காரணத்தால் அதை மறுப்பவன் யானல்லன். ஆயினும் அவர்களை ஒன்று கேட்க வேண்டும். இதை உபயோகிக்கப் போகிறவர்களோடு எத்தனை நாள் அமர்ந்து பேசினீர்கள்?

இக்கேள்வியையே மேனாட்டார் சாஸ்திரமாக்கி, 'வடிவமைப்புச் சிந்தனை' என்னும் பெயரால் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை முதலிய இடங்களிற் போதிக்கின்றனர். பெயர்தான் பெரிது. உபயோகிப்பவனுடைய குறையை அவனிருக்குமிடஞ் சென்று அறிதல், சிறு மாதிரி செய்து அவன் கையிற் கொடுத்தல், அவன் சொற்படி திருத்துதல், இவ்வளவே.

நமக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இது கண்கூடாக நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்கள் அமைக்கத் தொடங்கினர். கம்ப்யூட்டரை இறக்கிவிட்டுப் போய்விடாமல், ஊராருக்கு வேண்டுவது யாதென விசாரித்தனர். மீனவருக்கு வேண்டியது அலையின் உயரம். அச்செய்தி அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திற் கிடைத்தது. திரையில் வைத்தால் யார் வந்து படிப்பர்? வலை பிரித்துக்கொண்டிருப்பவன் எழுந்து வருவானா? ஆகவே அதைத் தமிழாக்கி, ஒலிபெருக்கி மூலம் கரையிலுள்ளோர் கேட்க வாசித்தனர். ஒலிபெருக்கியில் என்ன நூதனம் என்பீர்கள். அவ்வேற்பாட்டைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில், 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை ஊரறியச் சொல்லி மக்களைக் காத்தது அவ்வொலிபெருக்கியே.

நிலையம் எல்லாச் சாதியாரும் தடையின்றி வரத்தக்க இடத்தில் இருக்க வேண்டுமென்பதும் அவர்கள் வைத்த நிபந்தனை. இம்மேடையில் இதைச் சொல்வது சிலருக்கு உவப்பாயிராது. வியாபாரிக்கு அவசியமாதலாற் சொன்னேன்.

நிற்க. இலாபத்தைப் பற்றியும் கேட்பீர்கள். கேரளக் கரையில் 1997 முதல் கைப்பேசி பரவியபோது, மத்தி மீனவர் கடலிலிருந்தபடியே எத்துறையில் விலை அதிகமென விசாரித்துப் படகைத் திருப்பினர். இதை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் என்பார் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, மீனவர் இலாபம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அங்கே செயலி ஏதுமில்லை. வெறும் பேச்சே போதுமாயிருந்தது.

ஆதலின் காரியக் கமிட்டியாருக்கு என் யோசனை இது. விண்ணப்பதாரர் ஒரு மாத காலம், விடியுமுன் படகு கரையேறுமிடத்திற்கும் ஏலத்திற்கும் செல்லட்டும். கூடை சுமந்து விற்கும் நம் தாய்மார்களையும் கேட்கட்டும். விண்ணப்பத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியுமில்லை. பிறகு காகிதத்தில் வரைந்த மாதிரியை அவர்களிடமே காட்டித் திருத்தி வரட்டும். கடனின் முதல் தவணையை அதன்பின் கொடுக்கலாம்.