இளைஞர்களும் சிம்பொனி இசையும்

(ஐரோலியில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிம்பொனி இசைக்குழு செல்வர்களின் பொழுதுபோக்கு என்றும், வளர்ச்சியைப் பற்றிப் பேசும் மேடையில் அதற்கு இடமில்லை என்றும் எண்ணுவோர் உண்டு. என்னைப் பொறுத்தவரை, இது பயிற்சி பெற்ற ஆட்களைப் பற்றிய பிரச்சினையே ஆகும்.

1935 ஆம் ஆண்டில் மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தோற்றுவித்தார். பின்னர் அயல்நாடு சென்ற அவர், 1964 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்க இளைஞர் சிம்பொனியை நிறுவி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். நம் நகரத்து ஆசிரியரால் பயன் பெற்றவர்கள் அந்நாட்டுப் பிள்ளைகள். இங்கோ, 2006 இல் தேசிய நிகழ்கலை மையம் இந்திய சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியபோது, கசகஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து கலைஞர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2012 இல் அங்கே சிறுவர்களுக்கான இசைப்பள்ளியும் தொடங்கப்பட்டது. போற்றத்தக்க முயற்சி.

ஆனால் அம்மையம் இருப்பது நாரிமன் முனையில். ஐரோலியில் வாழும் ஒரு சிறுமி தாணே சென்று வண்டி மாறி, சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கிப் பேருந்தும் ஏற வேண்டும். மாலைக் கூட்ட நெரிசலில், கையில் வயலின் பெட்டியோடு, இது நடக்கிற காரியமா?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகள் தரையில் அமர்ந்து கர்நாடக முறையில் வயலின் பயில்கின்றனர். விரல் பழகியிருக்கிறது, செவியும் கூர்மையானது. எனினும், எழுதிய குறியீட்டைப் பார்த்து ஐம்பது பேரோடு இணைந்து வாசிப்பது வேறொரு பழக்கம். தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு காத்திருக்கக் கற்பதே அதில் பாதிக் கல்வி எனலாம்.

கருவியின் செலவும் சிறிதன்று. குழந்தை வளர வளர, கால், அரை, முக்கால் என வயலினின் அளவும் மாற வேண்டும். டபுள் பாஸ், பஸூன் போன்றவற்றைச் சாதாரணக் குடும்பம் எண்ணியும் பார்க்க இயலாது. எனவே கருவிகள் பொதுவில் இருந்து இரவலாகக் கிடைக்க வேண்டும். வெனிசுவேலாவில் 1975 இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கிய இயக்கம், ஏழைப் பிள்ளைகள் வாழும் பகுதிகளுக்கே பயிற்சியைக் கொண்டு சென்றது. சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் சன்ஷைன் இசைக்குழுவும் வசதியற்ற சிறுவர்களுக்கு இலவசமாகக் கற்பிக்க முற்பட்டது.

ஆர்வம் மட்டும் போதாது. மேத்தா நிறுவிய அந்த இளைஞர் சிம்பொனியே நிதி நெருக்கடியால் 2024 இல் மூடப்பட்டது. ஆகவே, இங்குள்ள மாநகராட்சிப் பள்ளியொன்றில் மாலை நேரத்திற்கு ஓர் அறை, பல அளவுகளில் சில வயலின்கள், ஓர் ஆசிரியருக்குப் பத்தாண்டுகள் தடையின்றிக் கிடைக்கும் ஊதியம் ஆகியவற்றுக்கு வழி காணுமாறு அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றுள் ஊதியத்தையே முதலில் உறுதி செய்யுங்கள்.