கல்லீரலும் கள்ளுண்ணாமையும்



பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், திண்டுக்கல்லுக்கு மேற்கே அமைந்த ஊர் கன்னிவாடி. பாளையக்காரர் காலத்தில் திண்டுக்கல் சீமையின் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய அவ்வூர் இன்று ஒரு பேரூராட்சி. அங்கிருந்து மலையடியை ஒட்டியே மேற்கு நோக்கிச் சென்றால், பழனிக்கு அப்பால் ஐவர்மலை வரும். அம்மலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், இரண்டாம் வரகுண பாண்டியன் ஆட்சியின்போது சாந்திவீரக் குரவர் என்னும் துறவி, பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியின் திருமேனியையும் புதுக்கினார் என்று அங்குள்ள கல்வெட்டு உரைக்கின்றது. ஆகவே மதுவை விலக்குக என்னும் அறவுரை அந்த மலையடிவாரத்திற்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கு வழங்கிய உரை அது.

இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களைக் கூற வந்த சமந்தபத்திரர், ஐந்து அணுவிரதங்களோடு மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலைச் சேர்த்து எண்ணினார். அவர்தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் வழிவந்த தமிழ்நூலாக அருங்கலச்செப்பைக் கொள்வர். மது புளிக்குங்கால் அதில் எண்ணற்ற உயிர்கள் தோன்றி மடிகின்றன என்பது ஆசிரியர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. புளிக்கச் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் என்பதை இன்றைய அறிவியல் அறியும். அவ்வுயிர் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலை வெளிவிடுகிறது. ஆல்கஹால் ஏறத்தாழ 15 விழுக்காட்டை எட்டும்போது, தான் ஆக்கிய நஞ்சிலேயே தான் மடிகிறது. அதற்கு மேலும் கடுமை வேண்டின் வடித்தெடுத்தல் வேண்டும். முன்னோர் நுண்ணோக்கி கண்டிருந்தனர் என்று மேடையில் முழங்குவது மிகை. அவர்கள் விலக்கியது தக்கதே என்று கூறினால் போதும்.

இனி, கன்னிவாடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் காய்கறி பயிரிடும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். விளைச்சலை ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புகையில் அவர் ஒரு குவார்ட்டர் வாங்குகிறார். தெருவில் விழுந்து கிடப்பவர் அல்லர். மனைவியை அடிப்பவரும் அல்லர். "நாளைக்கு ஒரு குவார்ட்டர்தான், அதுவும் உடம்பு வலிக்கு" என்பது அவர் வாதம். ஊரும் அவரைக் குடிகாரர் என்று சொல்வதில்லை.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லிலிட்டர். கடையில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் ஆல்கஹால் 42.8 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் அவர் வயிற்றுக்குள் செல்லும் கலப்பற்ற ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். நாள்தோறும் 60 கிராமுக்கு மேல் அருந்துவோருள் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உழவர் "அளவு" என்று கருதியதே நோயின் வாயிற்படியாக இருக்கிறது. பீர் தீங்கற்றது என்று எண்ணும் இளைஞர்களும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 8 விழுக்காடு கொண்ட 650 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது.

கொழுப்பு எவ்வாறு படிகிறது? மனித உடலின் உள்ளுறுப்புகளுள் பெரியது கல்லீரல். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. குடித்த மதுவின் பெரும்பகுதியைச் சிதைக்கும் சுமை அதன்மேல் விழுகிறது. அது ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் கொடிய பொருளாகவும், பின்னர் அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. நஞ்சை அகற்றும் இப்பணி முன்னே நிற்பதால், கொழுப்பை எரிக்கும் அன்றாட வேலை பின்தங்குகிறது; புதுக் கொழுப்பும் மிகுதியாக உண்டாகிறது. வீட்டுக்குள் தீப்பிடித்தால் சமையலை விட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடுவது போன்ற நிலை. நாள்தோறும் தீப்பிடித்தால் அவ்வீட்டில் அடுப்பு எரிவது எப்போது? அத்தோடு ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தருவது. ஒரு குவார்ட்டரில் 420 கலோரி, ஊட்டம் ஒன்றுமின்றி.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. கல்லீரலின் உட்பகுதிக்கு வலி உணர்த்தும் நரம்பு இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கையில் "கொழுப்புக் கல்லீரல்" என்று எழுதி வரும்; எழுதியதைப் பலர் மடித்து வைத்துவிடுவர். அந்நிலையில் குடியை அறவே நிறுத்தினால், நான்கு முதல் ஆறு வாரங்களில் கொழுப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். இத்தகைய மன்னிப்பை உடல் எல்லா நோய்க்கும் வழங்குவதில்லை. தொடர்ந்து குடிப்போருள் ஒரு பகுதியினர்க்கு ஈரல் வீங்கித் தழும்பேறி, சிரோசிஸ் என்னும் இறுக்கத்தில் முடிகிறது. பழைய வைத்தியர்கள் மகோதரம் என்று கூறிய பெருவயிறு, கண் மஞ்சளாதல், இரத்த வாந்தி, புத்தி தடுமாறல் ஆகியன அதன் பிறகு வருவன. அங்கே மன்னிப்பு அரிது. பெண்களுக்கு இதனினும் குறைந்த அளவே போதும். நீரிழிவும் பருமனும் உடையார்க்கு வேகம் இன்னும் கூடும். குடிக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது.

இங்கே நம் சமூகத்து இல்லங்களுக்கு ஒரு சொல். குடியறியாத, ஊன் அறியாத ஒருவர்க்கு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் எனக் கண்டால், வீட்டார் அவரை ஐயக்கண் கொண்டு நோக்குவது உண்டு. அது பிழை. மிகுந்த சர்க்கரையும் எண்ணெய்ப் பண்டமும் கடை நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்திருத்தலும் அந்நோயைத் தரப் போதுமானவை. (விழாப் பந்தியின் இனிப்பு வரிசையை இவ்விடத்தில் குறிப்பிட்டால் விழாக்குழுவினர் வருந்தக்கூடும்.) இவ்வகையை 2021இல் மத்திய அரசு தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்துள் சேர்த்தது. மறுபுறம், உண்மையிலேயே மறைவில் குடிக்கும் இளைஞன், "குடிக்காதவனுக்கும் இது வருகிறதே" என்று அவ்வுண்மையையே கேடயமாக்கிக் கொள்கிறான். பெற்றோர் மானத்துக்கு அஞ்சி அதனை நம்பவும் செய்கின்றனர். நோன்பு நோற்ற குலம் என்னும் பெருமை, மகன் மருத்துவரிடம் உண்மையைக் கூறுவதற்குத் தடையாதல் ஆகாது. மருத்துவர் கேட்பது எத்தனை மில்லி, எத்தனை ஆண்டு என்பதே. குலமும் கோத்திரமும் அவருக்கு வேண்டியதில்லை.

அரசின் கதையையும் சுருங்கக் காண்க. 1937இல் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுதும் மதுவிலக்கு. 1971இல் அது தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. விற்பனை வரி அன்று வந்தது வந்ததுதான். மதுவும் திரும்பி வந்துவிட்டது! 2023-24இல் மதுவினால் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மகாவீரர் வீடுபேறு எய்திய நாளாகச் சமணர் போற்றும் தீபாவளியன்று மது விற்பனை எத்தனை கோடி எனச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் கணக்கெழுதுகின்றன.

குடியை விட எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்து மறுநாளே தாமாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் முதலியன நேரலாம். உயிருக்கே ஊறு வரலாம். அவர்க்குச் சில நாட்கள் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் காணாமல் நோயாகக் கண்டு மருந்தளித்தது அந்நிறுவனம். மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்தியது. குடித்தவரோடு அவர் மனைவியையும் அமர்த்திப் பேசுவது அங்குள்ள முறை. இல்லத்தில் ஒருவர் குடித்தால் மற்றவரும் நோயுறுகின்றனர் என்பது அவர்கள் கண்டது.

கன்னிவாடி உழவர்க்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லை. 104 என்னும் எண்ணில் மருத்துவ ஆலோசனையும் கிடைக்கும். மடித்து வைத்த அந்த ஸ்கேன் தாளை எடுத்துக்கொண்டு அவர் அங்குச் செல்லலாம். இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளலாம். மருத்துவர் குறிக்கும் நாளில் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுத்து, இரு தாள்களையும் அருகருகே வைத்து மனைவியிடம் காட்டலாம்.