வீட்டுப் பாடத்துக்கு யார் துணை?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். இந்தப் பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுப் போகும் பிள்ளைக்குப் படிவம் 4-இல் ஒரு கேள்வி வருகிறது. வேதியியலும் கூடுதல் கணிதமும் எடுப்பதா, வேண்டாமா? அன்று இரவு வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். “வேணாம்ப்பா, நமக்கு அதெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.” அவ்வளவுதான். மருத்துவம், பொறியியல், மருந்தியல் என்று பல கதவுகள் அந்த ஒரு வாக்கியத்தில் சாத்திக்கொள்கின்றன. பிள்ளைக்கு மூளை இல்லை என்பதால் அல்ல, இரவு எட்டு மணிக்குக் கணக்கு நின்றுபோனால் கேட்க ஆள் இல்லை என்பதால்!

ஆள் இல்லை என்பது முழு உண்மையா? பால் மரம் வெட்டிய பெரியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். பால் ஸ்டோருக்குப் போகுமுன்னே கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவார்கள். பிறகு சீட்டு போட ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். ஏன் என்று யாராவது கேட்டதுண்டா? ரப்பர்த் துகள்களைச் சுற்றி எதிர் மின்னேற்றம் இருக்கிறது. அதனால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைத் தணித்துவிடுகிறது. துகள்கள் மோதி, மேலுறை கிழிந்து, ஒட்டிக்கொள்கின்றன. அமிலம் ஊற்றாமல் விட்டாலும் கிருமிகள் தாமே அமிலம் உண்டாக்கிப் பாலைத் திரைய வைக்கும். நம் மங்கில் கிடந்த கட்டிப் பால் அதுதான். அம்மோனியா ஒரு காரம். அந்த அமிலத்தை அடக்கி வைக்கிறது. இது எஸ்.பி.எம். வேதியியல் புத்தகத்தில் உள்ள பாடம், ஐயா! பையன் மனப்பாடம் செய்ய முடியாமல் திணறுவதைப் பாட்டி முப்பது வருஷம் கையால் செய்திருக்கிறார்.

நம் பொந்தியானின் அன்னாசியும் அப்படித்தான். இங்குள்ள கரிமண் புளிப்பு மண், அதாவது அமில மண். அன்னாசி அதைத் தாங்கும். பல பயிர்கள் தாங்காததால் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். அன்னாசி ஒரே நேரத்தில் பூக்க மருந்து ஊற்றுகிறார்களே, அதிலிருந்து வெளிவருவது எத்திலீன் வாயு. பள்ளியில் அதை எத்தீன் என்று படிக்கிறார்கள்.

“சரி, கணிதத்துக்கு என்ன செய்வது?” என்பீர்கள். பிள்ளைகள் ‘பெம்பெஸாஆன்’, ‘பெங்காமிரான்’ என்று படித்துவிட்டு வந்து தலையைப் பிடித்துக்கொள்ளும் நுண்கணிதத்தைச் சொல்கிறேன். மரத்தை வெட்டியதும் பால் வேகமாக வடியும்; போகப் போகக் குறையும்; பிறகு நின்றுவிடும். ஒரு பேச்சுக்கு, முதலில் நிமிடத்துக்கு 2 மில்லி லிட்டர் வடிகிறது, ஒரே சீராகக் குறைந்து 100 நிமிடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த நிமிடத்தில் எவ்வளவு வேகம் என்று கேட்பது வகையிடல். கடைசியில் மங்கில் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்பது தொகையிடல். படம் போட்டால் ஒரு முக்கோணம் வரும். 2-இல் பாதி 1, அதை 100-ஆல் பெருக்கினால் 100 மில்லி லிட்டர். சூத்திரம் போட்டாலும் அதே விடைதான். உண்மையான மரம் இவ்வளவு ஒழுங்காகக் குறையாது. அதற்காகத்தான் முக்கோணத்தை விட்டுவிட்டுத் தொகையிடலுக்குப் போகிறோம்.

ஆனாலும் கணக்கைப் போட்டுக் காட்ட ஒரு துணை வேண்டும்தான். கணித மேதை இராமானுஜனுக்கே வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் அவர் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் சிறு வயதிலேயே கேட்டுக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கற்றுக்கொண்டார். 1903-இல் அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் புத்தகமும் இலண்டனில் டியூஷன் நடத்திய ஓர் ஆசிரியர் எழுதியதுதான். நம் நாட்டில் 1982-இல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளையே வார இறுதியில் ஆசிரியராக்கினார். அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பது என்ற ஏற்பாடு. எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி அந்த வகுப்புகளில் உருவானவர். அமெரிக்காவில் சல்மான் கான் என்ற வங்காளி இளைஞர் 2004-இல் தூரத்தில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசி வழியே கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், அது இன்று உலகம் முழுவதும் இலவசப் பாடமாக ஓடுகிறது.

கைப்பேசி இருக்கிறதே என்று மாணவர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. படம் பிடித்தால் விடை வந்துவிடும், எனக்கும் தெரியும். விடையை மட்டும் நோட்டில் இறக்கினால் ஆசிரியருக்கும் தெரியும், தம்பி! ஆனால் உன் வழியில் ஒரு தடவை போட்டுவிட்டு, எந்த வரியில் தடம் மாறியது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அதுவும் ஒரு வாத்தியார்தான். நான் குறை சொல்லவில்லை.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதி உதவி இருக்கிறது. “ஒண்ணும் புரியலை சார்” என்றால் நான் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு கணக்கு சொல்கிறேன். 10 கிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்க எத்தனை மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்? ஒரு மோல் சுண்ணாம்புக்கல் 100 கிராம். ஆகவே இது 0.1 மோல். பல பிள்ளைகள் அமிலமும் 0.1 என்று எழுதிவிடுவார்கள். சமன்பாட்டைச் சமப்படுத்தினால் ஒரு பங்குக் கல்லுக்கு இரண்டு பங்கு அமிலம், விடை 0.2. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று வீட்டில் திட்டுவார்கள். கணக்கு நன்றாகவே வந்தது, வராதது சமன்பாடு! போட்ட வரிகளைக் கொண்டு வந்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று மொழி. இங்கே ‘அமிலம்’ என்று படித்த பிள்ளை அங்கே ‘அசிட்’ என்று படிக்கிறது. ‘வினைவேகம்’ போய் ‘காடார் திண்டாக் பாலாஸ்’ வருகிறது. ‘வினையூக்கி’ போய் ‘மாங்கின்’. தெரிந்த பொருள்தான், பெயர் புதிது. ஒரு நோட்டில் மூன்று கோடு கிழித்துத் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எழுதிவரச் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டிலேயே தொடங்கலாம். இதற்குப் படித்த பெற்றோர் தேவையில்லை, “இன்னைக்கு எத்தனை வார்த்தை எழுதினே?” என்று கேட்கிற அம்மா போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள். ஒரு கரும்பலகை, ஒரு மின்விசிறி, கொஞ்சம் தேநீர்; வேறு செலவில்லை. இந்தப் பள்ளியில் படித்து இன்று பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது கூப்பிடுவோம், வருவார்கள். மற்ற வாரங்களில் நான் வருகிறேன். மாணவர்கள் கையில் நோட்டு இருக்க வேண்டும், அதில் தவறாகவாவது நாலு வரி போட்டிருக்க வேண்டும்.