ஆசிரியர் காக்க வேண்டிய அந்தரங்கம்

(விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



ஆசிரியப் பணியைத் தலைமுறையாக ஏற்று வந்த குடும்பங்கள் இவ்வவையில் பல உள்ளன. ஆசிரியரை ஊர் எப்போதுமே உற்று நோக்கி வந்துள்ளது. அவர் கடைவீதியில் யாருடன் நிற்கிறார், எவ்வாறு உடுத்துகிறார், என்ன பேசுகிறார் என்பதெல்லாம் மாணவர் செவிக்கு எட்டியே தீரும். எனினும் அந்தப் பார்வைக்கு ஊர் எல்லை என்றொரு வரம்பு இருந்தது. எழுந்த பேச்சு சில நாளில் ஓயும். பணிமாற்றம் பெற்று வேறூர் சென்றவர் அங்கே புதிதாகத் தொடங்கலாம். சமூக ஊடகம் அவ்வரம்பை நீக்கிவிட்டது. கடந்த 20 ஆண்டுகளில் ஆசிரியர்க்கும் அவ்வூடகத்திற்கும் உள்ள உறவு மூன்று நிலைகளைக் கண்டுள்ளது. அவற்றை வரிசையாக நோக்குவது பெற்றோர்க்கும் பயன் தரும்.

முதலாவது, கதவைத் திறந்தே வைத்திருந்த நிலை. 2003ஆம் ஆண்டில் மைஸ்பேஸும், 2004இல் ஆர்க்குட்டும் ஃபேஸ்புக்கும் தோன்றின. கல்லூரி மாணவர்க்கெனத் தொடங்கிய ஃபேஸ்புக், 2006 செப்டம்பரில் 13 வயது நிரம்பிய எவர்க்கும் திறக்கப்பட்டது. இளம் ஆசிரியர் பலர் இவற்றை நண்பர் கூடும் திண்ணையாகவே கருதினர். திண்ணைப் பேச்சு காற்றோடு போகும். இங்கே பேசியதோ ஏட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

அதன் விளைவை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கு காட்டியது. ஆசிரியர் பயிற்சியின் இறுதிக் கட்டத்தில் இருந்த ஓர் இளம்பெண், விருந்தில் வேடத் தொப்பியும் கையில் கோப்பையுமாக எடுத்த படத்தை, குடிமயக்கத்தைக் குறிக்கும் வேடிக்கைச் சொற்களுடன் தம் மைஸ்பேஸ் பக்கத்தில் இட்டிருந்தார். அது பள்ளியின் பார்வைக்கு வந்தது. 2006ஆம் ஆண்டு, பட்டமளிப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, பல்கலைக்கழகம் அவர்க்குக் கல்வியியல் பட்டத்தை மறுத்து ஆங்கிலப் பட்டத்தை மட்டும் வழங்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். அவருடைய கற்பித்தலிலும் குறைகள் உண்டு என எதிர்த்தரப்பு கூறியது. 2008 டிசம்பரில் தீர்ப்பு அவர்க்கு எதிராக வந்தது. அவர் பக்கத்தில் எழுதியவை பொதுநலன் பற்றிய பேச்சு அல்ல, சொந்த விஷயங்களே. ஆதலால் பேச்சுரிமையின் காப்பு அவற்றிற்கு இல்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. சொந்த விஷயம் என்பதே காப்பில்லாமைக்குக் காரணமாயிற்று. அப்பெண்மணியின் பெயர் இங்கே வேண்டா. ஒரு படத்திற்காக அவர் பெயர் இத்தனை ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியது போதும்.

இரண்டாவது, அஞ்சிக் கதவடைத்த நிலை. ஆசிரியர் பலர் தம் பக்கங்களைப் பூட்டினர். சிலர் கணக்கையே நீக்கினர். பூட்டும் உறுதியாக இல்லை. 2009 டிசம்பரில் ஃபேஸ்புக் தன் அமைப்பை மாற்றியபோது, பயனர்கள் மறைத்து வைத்திருந்த நண்பர் பட்டியல் போன்ற செய்திகள் பொதுவில் வந்தன. இது குறித்து அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் சாட்டிய குற்றங்கள் 2011இல் உடன்பாட்டில் முடிந்தன.

அதே 2011ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலம், ஆசிரியரும் மாணவரும் பிறர் காணவியலாத வகையில் இணையத்தில் தனித்துத் தொடர்பு கொள்வதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பிள்ளைகளைத் தீயோரிடமிருந்து காப்பது அதன் நோக்கம். ஆனால், தம் பிள்ளையே தம் பள்ளியில் படித்தால் தாயான ஆசிரியை என் செய்வார் என்ற கேள்வி எழுந்தது. நடைமுறைக்கு வருமுன்னரே நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சட்டமன்றமும் சில வாரங்களில் அப்பிரிவை நீக்கியது. நல்ல நோக்கமே ஆயினும், கதவு முழுதையும் சுவராக்கிவிட முடியாது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இவ்விரு நிலைகளிலும் ஆசிரியரின் கவலை ஒன்றே: தம் படம், தம் பெயர், தம் வேலை. மூன்றாவது நிலையில் கவலையின் திசை மாறுகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப் குழுவே பலர்க்கு வகுப்பறையாயிற்று. பள்ளிகள் திறந்த பின்னும் குழுக்கள் கலையவில்லை. வீட்டுப்பாடத்தோடு மதிப்பெண் பட்டியலும், கட்டணப் பாக்கி உள்ளோர் பெயர்களும், உதவித்தொகைக்கு வேண்டிய சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் அட்டை ஆகியவற்றின் படங்களும் அங்கே வந்து சேர்கின்றன. அன்று தம் அந்தரங்கம் பறிபோகுமோ என அஞ்சியவர், இன்று 40 பிள்ளைகளின் அந்தரங்கத்தைக் கைப்பேசியில் சுமந்து திரிகிறார்.

2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளை அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வழியில் எவரும் படிக்க இயலாது. அந்தப் பாதுகாப்பு வழிக்குத்தான். வீடு சேர்ந்த கடிதத்திற்கு அன்று. குழுவில் உள்ள ஒருவர் படம் பிடித்து வேறொருவர்க்கு அனுப்பினால், எந்தப் பூட்டும் தடுக்காது. தேர்வில் தோற்ற பிள்ளையின் பெயர் மாலைக்குள் உறவினர் வீட்டை எட்டுகிறது. கட்டணம் கட்ட இயலாத தந்தையின் நிலை தெருவெங்கும் தெரிகிறது.

"பெற்றோர் ஒப்புதல் தந்தனரே" என்பது வழக்கமான விடை. அதற்கு மறுமொழி ஸ்வீடன் நாட்டிலிருந்து வந்தது. ஷெலெஃப்தியோ நகரின் ஓர் உயர்நிலைப் பள்ளி, 22 மாணவரின் முகங்களைக் கேமரா வழியே அடையாளம் கண்டு வருகைப்பதிவு செய்து பார்த்தது. ஒப்புதல் பெற்றே செய்ததாகக் கூறியது. 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு அதை ஏற்காது 2,00,000 குரோனா தண்டம் விதித்தது. மாணவர் பள்ளியைச் சார்ந்து நிற்பவர். கேட்கும் இடத்தில் இருப்போர்க்கும் மறுக்கும் இடத்தில் இருப்போர்க்கும் வலிமை சமமாக இல்லாதபோது, அத்தகைய ஒப்புதல் உண்மை ஒப்புதல் ஆகாது என்பது அதன் முடிவு. இதனை ஆசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். "படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஆசிரியர் கேட்டால், "வேண்டா" என்று சொல்லத் துணியும் பிள்ளை எத்தனை பேர்?

இந்திய நாட்டில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆயினும் தனிமனிதர் தம் சொந்த, குடும்பத் தேவைக்காகக் கையாள்வது அச்சட்டத்தின் வரம்புக்குள் வாராது. இல்லத்தின் வாயிலில் சட்டம் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் காவல் செய்ய வேண்டியது பெற்றோரின் நல்லுணர்வே.

செய்யத்தக்கவை எளியவை. மதிப்பெண்ணை அந்தந்தப் பெற்றோர்க்கு மட்டும் தெரிவிக்கலாம். சான்றுகளைக் குழுவில் கேளாது நேரில் பெறலாம். பணி முடிந்ததும் கைப்பேசியிலிருந்து அழிக்கலாம். மாணவர்க்குத் தனித்து எழுதும் தேவை நேர்ந்தால் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோரும், ஆசிரியரின் சொந்தப் பக்கத்தைத் துருவுவதையும் நள்ளிரவில் விடை எதிர்பார்ப்பதையும் தவிர்த்தல் முறை. விழா மலர்களில் தேர்வில் வென்ற பிள்ளைகளின் படம் அச்சாவது நல்ல வழக்கமே. மலர் சில நூறு இல்லங்களுக்குச் சென்று அலமாரியில் அமரும். அதே படம் பள்ளி, வகுப்பு, ஊர்ப் பெயருடன் இணையத்தில் ஏறும்போது எங்குச் சென்று அமரும் என்பதை எவரும் அறியார். ஏற்றுமுன் அப்பிள்ளையிடமே ஒரு சொல் கேட்கலாம். "வேண்டா" என்றால் முகம் வாடாமல் ஏற்கலாம்.

இன்று பத்து வயதான பிள்ளை நாளை வேலைக்கும் திருமணத்திற்கும் நிற்கும்போது, தன்னைப் பற்றி எதைச் சொல்வது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அதற்கு வேண்டும். பெரியவர்கள் இன்றே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால், தேர்ந்துகொள்ள அதற்கு என்ன எஞ்சும்? மாணவர் பற்றித் தாம் அறிந்தது பலவாயினும், ஊர்க்குச் சொல்வது சிலவாக அமையும் ஆசிரியரை அம்மாணவர் வாழ்நாள் முழுதும் நன்றியுடன் நினைப்பர். அத்தகைய ஆசிரியர் பல்குக.