லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளும் நம் தெருக்கோடிப் பள்ளியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கூட்டங்களில் அமெரிக்காவைப் பற்றி யாராவது பேச எழுந்தால், கோவில், சாலை வசதி, பேரன் பேத்திகளின் ஸ்லோகப் போட்டி என்றுதான் பெரும்பாலும் போகும். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அங்கே ஒரு நகரத்தின் அரசுப் பள்ளிகளை. நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசின் கணக்குத் தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவன். எதைப் பார்த்தாலும், "இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? யார் கேள்வி கேட்கிறார்கள்?" என்று பார்ப்பது பழக்க தோஷம். பெண்ணும் மாப்பிள்ளையும் லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பதால் மூன்று தடவை போய் வந்தேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வேலை எனக்கு. அதில் ஏற்பட்ட ஆர்வத்தில், அங்கே நூலகத்தில் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் படித்தேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருந்தால், அது எக்கச்சக்கமாகக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அங்கே அதற்கு நேர் எதிர். வரிப்பணத்தில் நடக்கும், கட்டணமே இல்லாத பள்ளிதான் பப்ளிக் ஸ்கூல். அப்படிப்பட்ட பள்ளிகளை ஒரு வட்டாரத்துக்கு மொத்தமாக நடத்தும் அமைப்பை 'ஸ்கூல் டிஸ்டிரிக்ட்' என்கிறார்கள். அமெரிக்காவிலேயே பெரியது நியூயார்க். அடுத்தது லாஸ் ஏஞ்சல்ஸ். சுமார் 700 சதுர மைல் பரப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் தவிர இருபதுக்கும் மேற்பட்ட சிறு நகரங்கள் முழுசாகவோ பகுதியாகவோ இதில் அடக்கம். குழந்தைகள் வீட்டில் பேசும் மொழிகள் 90க்கு மேல். மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள்.

இதை நிர்வகிப்பது மேயர் இல்லை. மக்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட ஒரு கல்வி வாரியம். 2006ல் அப்போதைய மேயர் வில்லரைகோஸா, பள்ளி நிர்வாகத்தில் தமக்கும் பங்கு வேண்டும் என்று மாநிலச் சட்டமே கொண்டுவரச் செய்தார். நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது.

இனி பணத்துக்கு வருகிறேன். நம்மைப் போன்ற வயசானவர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய இடம் இது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடச் செலவில் பெரும்பகுதி உள்ளூர் வீட்டு வரியிலிருந்து வந்தது. 1970களில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை மளமளவென்று ஏறியது. கூடவே வரியும் ஏறியது. பென்ஷன் வாங்குபவருக்கு வருமானம் ஏறவில்லை. வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க வேண்டிவருமோ என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். 1978 ஜூன் மாதம் 'பிரபோசிஷன் 13' என்ற தீர்மானம் பொது வாக்கெடுப்புக்கு வந்து, பெரும் ஆதரவோடு நிறைவேறியது. வீட்டு மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் வரி கூடாது; வீடு கைமாறாத வரையில் அந்த மதிப்பையும் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது; புதிதாக உள்ளூர் வரி போட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

சொத்து வரி வருமானம் ஒரே வருஷத்தில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. பள்ளிச் செலவை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் காலப்போக்கில், மாணவர் ஒருவருக்குச் செலவிடுவதில் முன்வரிசையில் இருந்த கலிஃபோர்னியா, தேசிய சராசரிக்கும் கீழே போய்விட்டது. குழந்தைகள் பெருகிக்கொண்டே வந்தார்கள். புதுக் கட்டடம் ஏறக்குறைய நின்றேபோனது. இட நெருக்கடிக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மாணவர்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவு விடுமுறையில் இருக்கும்போது இன்னொரு பிரிவை அதே வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். பள்ளி வருஷம் முழுவதும் திறந்திருக்கும். சில பள்ளிகளில் இந்த முறையால் மாணவனுக்கு வருஷத்தில் 180 நாளுக்குப் பதிலாக 163 நாள்தான் வகுப்பு. தினமும் கொஞ்ச நேரம் கூட்டிச் சரிக்கட்டியதாகச் சொன்னார்கள். ஏட்டில் மணிக்கணக்கு நேராகலாம். பாடம் தலையில் ஏற நாள் வேண்டும் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரியும். இந்த வழக்கம் ஒழிய 2000ல் ஒரு வழக்குத் தொடுத்து, 2004ல் சமரசம் ஏற்பட வேண்டியிருந்தது.

பள்ளிகளைப் பழுதுபார்க்கவும் கட்டவும் 240 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட 1996 நவம்பரில் மக்களிடம் அனுமதி கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் மயிரிழையில் தோற்றது. 1997 ஏப்ரலில் மறுபடி கேட்டார்கள். 71 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் குழந்தை இருந்திருக்காது. அதன் பிறகும் அடுத்தடுத்துப் பத்திரங்கள் நிறைவேறி, 130க்கும் மேற்பட்ட புதுப் பள்ளிகள் எழும்பின.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய எண்ணெய் வயல் மேல் பெல்மாண்ட் என்ற பெரிய பள்ளியைக் கட்ட ஆரம்பித்து, பூமிக்கடியிலிருந்து மீத்தேன் வாயு வருகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். பிறகு பூகம்பப் பிளவும் தெரியவந்தது. ஒருவழியாக வேறு பெயரில் 2008ல்தான் திறந்தார்கள். 2013ல் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 130 கோடி டாலர் திட்டம் போட்டு, மறு வருஷமே கைவிட்டார்கள். தணிக்கைக்காரனுக்குத் தீனி எந்த ஊரிலும் குறைவில்லை.

2019 ஜனவரியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டும் அல்ல. வகுப்பில் கூட்டம் குறைய வேண்டும், பள்ளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்பதும் கோரிக்கை. மழையில் நின்றவர்களுக்கு ஊரே ஆதரவு தந்தது. ஆனால் அதே வருஷம் ஜூனில், பள்ளிகளுக்காகக் கட்டடப் பரப்புக்கு ஏற்ப ஒரு சிறு வரி கேட்டபோது, பாதிப் பேர்கூட வோட்டுப் போடவில்லை. அனுதாபம் வேறு, பையில் கைவிடுவது வேறு.

அந்த ஊரில் என் மனசுக்குப் பிடித்த மனிதர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. பொலிவியாவிலிருந்து வந்த கணித ஆசிரியர் ஹைமே எஸ்கலாந்தே. 1974ல் ஏழைகள் வசிக்கும் பகுதியில் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கால்குலஸ் சொல்லிக்கொடுப்பது வீண் வேலை என்று நினைத்தவர்கள் உண்டு. 1982ல் அவர் மாணவர்கள் 18 பேர் கல்லூரித் தரத் தேர்வில் தேறினார்கள். தேர்வு நடத்திய நிறுவனம் 14 பேர் மேல் சந்தேகப்பட்டது. 12 பேர் மறுபடி எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். இதைச் சினிமாவாகவும் எடுத்தார்கள். சினிமாவில் ஒரே வருஷத்தில் நடந்த அற்புதம் போலத் தெரியும். உண்மையில், கீழ் வகுப்பிலிருந்தே அல்ஜீப்ராவைப் பலப்படுத்த அவருக்குப் பல வருஷம் பிடித்தது. தலைமையாசிரியரின் துணையும் இருந்தது. 1991ல் அவர் விலகியபின் தேறுவோர் எண்ணிக்கை சரிந்தது. தனி மனிதர் விளக்கு ஏற்றலாம். எண்ணெய் ஊற்ற ஊர் வேண்டும்.

இப்போது நம் கதை. இந்த அறையில் எழுபது வயதைத் தாண்டியவர்களில் பலர் முனிசிபல் பள்ளியிலோ ஜில்லா போர்டு பள்ளியிலோ படித்தவர்கள்தான். நானும் அப்படியே. நம் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை. பேரன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதில் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் விவரம் அறிந்தவர்கள் விலகிப்போனால் கேள்வி கேட்கும் வாயும் போய்விடுகிறது. வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார, கல்விக் கூடுவரி 2018லிருந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கட்டிய பணத்தின் மறுமுனையில் இருக்கும் பள்ளியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"ஸார், நம்மவா குழந்தைகளுக்கே உதவி போதவில்லை" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சங்கத்தின் கல்வி நிதியில் கைவைக்க நான் கேட்கவில்லை. நான் கேட்பது வாரத்தில் இரண்டு மணி நேரம். ஓய்வு பெற்ற என்ஜினீயர்கள், வங்கி அதிகாரிகள், ஆசிரியைகள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறீர்கள். அருகில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியின் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். உபதேசம் செய்யாமல், "என்ன தேவை?" என்று கேளுங்கள். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் பின்னமும் தசமமும் தடுமாறும் குழந்தைகள் எந்த ஊரிலும் உண்டு. ஹிந்தியோ மராட்டியோ கன்னடமோ கொச்சையாக வந்தாலும் கணக்குக்குப் போதும். மத்திய அரசின் வித்யாஞ்சலி திட்டத்திலும் தொண்டராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

இதைச் சங்கத்தின் வேலையாக எடுத்துக்கொள்வதா, தனித்தனியாகச் செய்வதா என்பதைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரத் தயாராக இருப்பவர்கள் வெளியே மேஜையில் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.